புர்கினா பாசோ புரட்சியும் தாமஸ் சங்காராவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க அரசியல் பற்றிப் பேச்சு வந்தாலே கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் தாமஸ் சங்காராவின் பெயரை எடுத்துவிடுகிறார். நட்சத்திரம் குத்திய பெரே தொப்பி, கையில் கிட்டார், 37 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி என்ற அளவில் பலருக்கும் அவரைத் தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் கேட்கும்போது பாதிக் கதையும் பாதி நிஜமும் கலந்துதான் வருகிறது. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்காராவை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் 1983 புரட்சியைப் பெற்றெடுத்தது தனி ஒரு மனிதர் என்று நான் நம்பவில்லை. வேலைநிறுத்தம் செய்தே ஆட்சிகளை ஆட்டிப் பழகிய ஆசிரியர்களும் தொழிற்சங்கக்காரர்களும் மாணவர்களும்தான் அதற்கு நிலத்தை உழுது வைத்தவர்கள். அவர்களோடு பகைத்துக்கொண்ட பிறகு அந்தப் புரட்சிக்குக் காவலுக்கு ஆள் இல்லாமல் போனது. கீழே வரும் பதில்களில் இதுதான் அடிநாதம்.

எந்தப் புரட்சி இது? எங்கே, எப்போது?

மேற்கு ஆப்பிரிக்காவில் கடலே இல்லாத நாடு புர்கினா பாசோ. அப்போது அதன் பெயர் அப்பர் வோல்டா. பிரான்ஸிடமிருந்து 1960 ஆகஸ்ட் 5 அன்று சுதந்திரம் பெற்றது. 1983 ஆகஸ்ட் 4 இரவு இளம் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள், 33 வயது கேப்டன் சங்காரா தலைமைக்கு வந்தார். 1987 அக்டோபர் 15 அன்று அவர் கொல்லப்பட்டார். மொத்தம் நான்கு வருஷமும் இரண்டு மாதமும்.

சுதந்திரம் கிடைத்து 23 வருஷம் ஆன பிறகு எதற்காகப் புரட்சி?

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிரான்ஸ் 1919இல் அப்பர் வோல்டாவைத் தனிக் காலனியாக உருவாக்கியது. அங்கே எடுத்துக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை, மனிதர்களைத் தவிர. அதனால் மனிதர்களை எடுத்துக்கொண்டார்கள். தெற்கே ஐவரி கோஸ்ட்டின் தோட்டங்களுக்கும் ரயில் பாதைக்கும் கட்டாய வேலைக்கு ஆட்களை அனுப்பினார்கள். 1932இல் அந்தக் காலனியையே கலைத்து, நிலத்தை மூன்று பக்கத்துக் காலனிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். கூலியாட்கள் அதிகம் கிடைக்கும் பெரும்பங்கு ஐவரி கோஸ்ட்டுக்குப் போனது. 15 வருஷம் கழித்து 1947இல்தான் அப்பர் வோல்டா மறுபடியும் வரைபடத்துக்கு வந்தது. ஒரு நாட்டையே ஆள் பிடிக்கும் களமாக மட்டும் பார்த்த பழக்கம் சுதந்திரத்துக்குப் பிறகும் போகவில்லை. சவுக்குக்குப் பதிலாகப் பசி துரத்தியது, இளைஞர்கள் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகருக்குப் போகும் அதே ரயிலில் ஏறி அதே கோக்கோ, காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள்.

ஊரில் தங்கியவர்கள் மழையை நம்பிச் சோளமும் கம்பும் விதைத்தார்கள். 1960களின் கடைசியில் தொடங்கி 1970களின் நடுப்பகுதி வரை, சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கும் சாஹேல் பகுதி முழுக்க அடித்த வறட்சி மந்தைகளைக் கொன்றது. அதற்கு நடுவிலும் தலைவரி கட்ட வேண்டும், ஊர்த் தலைவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். நாட்டின் நிலைமையைச் சங்காராவே 1984 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் எண்களாக அடுக்கினார்: பிறக்கும் 1,000 குழந்தைகளில் 180 இறக்கின்றன, சராசரி ஆயுள் 40, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 98 சதவீதம், 50,000 பேருக்கு ஒரு டாக்டர். தன் நாட்டைப் பற்றி உலக மேடையில் இப்படிப் பேச எத்தனை தலைவர்களுக்கு மனம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கம் தலைநகர் வாகடூகு. மிகச் சிறிய படித்த வர்க்கம், அரசு வேலை, அரசாங்கப் பணத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும் நிலை. இந்த ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் வசதியானவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் ஆட்சியாளர்களைத் தட்டிக் கேட்ட ஒரே கூட்டம் அவர்கள்தான். முதல் ஜனாதிபதி மொரீஸ் யமெயோகோ ஒரே கட்சி ஆட்சி நடத்தினார், ஊரே பேசும்படி ஆடம்பரமாக இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டார், அப்புறம் கஜானா காலி என்று சொல்லி அரசு ஊழியர் சம்பளத்தில் 20 சதவீதம் வெட்டப் போனார். 1966 ஜனவரி 3 அன்று தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கின, அவர் பதவி போனது. ராணுவத்தின் லமிசானா வந்தார். அவரும் 1975இல் ஒரே கட்சி முறைக்குப் போகப் பார்த்தபோது பொது வேலைநிறுத்தம் அதைத் தடுத்தது. 1980இல் ஆசிரியர்களின் நீண்ட வேலைநிறுத்தம் அவர் ஆட்சியை உலுக்கியது, நவம்பரில் கர்னல் சாயே செர்போ அதைக் கவிழ்த்தார். செர்போ வேலைநிறுத்த உரிமையையே பறித்தார். 1982 நவம்பரில் அவரும் போனார்.

இந்த வரிசையைத்தான் நான் எல்லோரையும் கவனிக்கச் சொல்கிறேன். சங்காரா காட்சிக்கு வருவதற்கு முன்பே அந்த நாட்டு மக்கள் ஜனாதிபதியை இறக்கப் பழகியிருந்தார்கள்.

சங்காரா யார்? ராணுவத்துக்காரர் எப்படி இடதுசாரி ஆனார்?

1949 டிசம்பரில் யாகோ என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக் காவல் படையில் இருந்தவர், அதனால் வறுமையை அடுத்த வீட்டில் பார்த்தாரே தவிரத் தன் வீட்டில் அந்த அளவுக்குப் பார்க்கவில்லை. ராணுவப் பள்ளியில் படித்தபோது அடாமா டூரே என்ற இடதுசாரி ஆசிரியர் மாணவர்களிடம் ஏகாதிபத்தியம் பற்றிப் பேசினார். அங்கிருந்து அதிகாரிப் பயிற்சிக்கு மடகாஸ்கர் போனார். 1972இல் அங்கே மாணவர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து ஆட்சியைக் கவிழ்த்ததை நேரில் பார்த்தார். 1974இல் மாலியுடன் நடந்த எல்லைச் சண்டையில் பேர் வாங்கினார். ஆனால் அந்தச் சண்டை வீணானது என்று பின்னாளில் அவரே சொன்னார்.

1976இல் போ என்ற எல்லை ஊரில் கமாண்டோ பயிற்சி மையத்துக்குத் தலைவரானார். இளம் அதிகாரிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு ரகசியக் குழு உருவானது, அதில் பிளேஸ் கொம்பவோரேயும் ஒருவர். கொம்பவோரேயைச் சங்காராவின் பெற்றோர் தங்கள் இன்னொரு மகனைப் போலவே நடத்தினார்கள். பின்னால் வருவதைப் படிக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செர்போ ஆட்சியில் சங்காராவுக்குத் தகவல் துறையைக் கொடுத்தார்கள். சில மாதங்கள் இருந்துவிட்டு, 1982 ஏப்ரலில் ராஜினாமா செய்தார். போகிற போக்கில் அவர் சொன்னது: தங்கள் மக்களின் வாயைக் கட்டுகிறவர்களுக்குக் கேடு வரும்.

அது புரட்சியா, ராணுவக் கவிழ்ப்பா?

இரண்டும். நேர்மையான பதில் இதுதான், ஆனால் எப்படி என்று சொல்ல வேண்டும்.

1982 நவம்பர் கவிழ்ப்புக்குப் பிறகு ராணுவ டாக்டர் ஜான்-பாப்டிஸ்ட் வெட்ராவோகோ ஜனாதிபதி, 1983 ஜனவரியில் சங்காரா பிரதமர். இரண்டு கோஷ்டிகள் ஒரே அரசாங்கத்தில். மே 17 அன்று சங்காராவைக் கைது செய்தார்கள். பிரெஞ்சு ஜனாதிபதி மித்தராங்கின் ஆப்பிரிக்க ஆலோசகர் கி பென் அப்போதுதான் வாகடூகுவுக்கு வந்து இறங்கியிருந்தார், அதனால் இதில் பாரிஸின் கை இருக்கிறது என்று ஊரே பேசியது. சில நாட்களில் மாணவர்களும் நகரத்து ஏழைகளும் சங்காராவை விடுதலை செய் என்று தெருவுக்கு வந்தார்கள். கொம்பவோரே போவுக்குத் தப்பிப் போய்ப் படையைத் தயார் செய்தார். தலைநகரிலிருந்து மாணவர்களும் தொழிற்சங்க இளைஞர்களும் அங்கே போய்த் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 4 அன்று கமாண்டோக்கள், அந்தப் பக்கம் சாலை போட்டுக்கொண்டிருந்த ஒரு கம்பெனியின் லாரிகளில் ஏறி வாகடூகுவுக்கு வந்தார்கள். இருட்டில் வழிகாட்ட ஊர்க்காரர்கள் நின்றார்கள். இரவு பத்து மணி வாக்கில் சங்காரா வானொலியில் பேசினார். ஊருக்கு ஊர் புரட்சிப் பாதுகாப்புக் கமிட்டிகளை அமையுங்கள் என்று அந்தப் பேச்சிலேயே கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் ஆதரவு ஊர்வலம்.

துப்பாக்கி பிடித்தவர்கள் சிப்பாய்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களைச் சுற்றி ஒரு சமூகம் நின்றது.

நாட்டின் பெயரை ஏன் மாற்றினார்கள்?

அப்பர் வோல்டா என்பது நதியின் பெயரை வைத்து வெளியார் வைத்த பெயர். 1984 ஆகஸ்ட் 4 அன்று, புரட்சியின் முதலாம் ஆண்டு நிறைவில், மாற்றினார்கள். புர்கினா என்பது மோரே மொழிச் சொல், நேர்மையானவர் என்று பொருள். பாசோ என்பது ஜூலா மொழியில் தந்தையர் நாடு. நாட்டு மக்களைக் குறிக்கும் புர்கினாபே என்ற சொல்லின் கடைசி ஒட்டு புலானி மக்களின் மொழியிலிருந்து வந்தது. மூன்று மொழிக்காரர்களுக்கும் அந்தப் பெயரில் இடம் இருக்கிறது. இவ்வளவு அழகாக யோசித்து வைத்த நாட்டுப் பெயர் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

நான்கு வருஷத்தில் அப்படி என்ன செய்தார்கள்?

முதலில் தடுப்பூசி. 1984 கடைசியில் சில வாரங்களுக்குள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குத் தட்டம்மை, மூளைக்காய்ச்சல், மஞ்சள் காய்ச்சல் மூன்றுக்கும் ஊசி போட்டார்கள். இதற்கு வருஷக்கணக்கில் ஆகும், மெதுவாகப் போங்கள் என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதைக் கேட்கவில்லை. கமிட்டிக்காரர்கள் கிராமம் கிராமமாகப் போய்த் தாய்மார்களைத் திரட்டினார்கள், எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தட்டம்மை என்றால் நமக்கு ஒரு வாரக் காய்ச்சல். அந்த ஊரில் ஒரு வறண்ட பருவத்தில் வந்தால் ஒரே தெருவில் நான்கைந்து சின்னக் குழி தோண்ட வேண்டியிருக்கும். அந்த நான்கு வருஷத்தில் வேறு எதுவுமே செய்யாமல் இதை மட்டும் செய்திருந்தாலும் நான் அவர்களை மதிப்பேன்.

அடுத்து ரயில். வடக்கே தம்பாவோவில் மாங்கனீசு இருந்தது, அதை எடுத்துவரப் பாதை வேண்டும். உலக வங்கி பணம் தர மறுத்தது. சரி, நாமே போடுவோம் என்று 1985 பிப்ரவரியில் இறங்கினார்கள். வாகடூகுவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காயாவை நோக்கித் தண்டவாளம் நீண்டது. ஒரு நாள் ஒரு அலுவலகம், மறுநாள் ஒரு பேட்டை என்று முறை வைத்து ஆட்கள் வந்தார்கள். மேசையை விட்டு எழுந்து வந்த குமாஸ்தாக்களும் சந்தைப் பெண்களும் வரிசையாக நின்று, ஒரு இரும்புத் தண்டவாளத்தைப் பத்து இருபது கைகளாகத் தூக்கிக் கட்டைமேல் வைத்தார்கள். தண்டவாளச் சண்டை என்றே அந்த வேலைக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

மரங்கள். கல்யாணமா, ஒரு மரம். பெயர் சூட்டு விழாவா, ஒரு மரம். பாலைவனம் தெற்கே இறங்கி வருவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள், ஒரு கோடி மரக்கன்றுகள் நட்டார்கள். கண்டபடி விறகு வெட்டுவது, காட்டுக்குத் தீ வைப்பது, கால்நடைகளை அவிழ்த்து விடுவது மூன்றுக்கும் எதிராக 1985இல் இயக்கம் தொடங்கினார்கள்.

தலைவரியை ஒழித்தார்கள். ஊர்த் தலைவர்களுக்கு இலவச உழைப்பு தர வேண்டிய கட்டாயம் போனது. நிலம் முழுவதும் அரசுடைமை ஆனது. 1985 முழுக்க வாடகை வாங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் சுகாதார நிலையம் ஒன்று, அதுவும் ஊர்க்காரர்களே கட்டியது. உள்ளூர்ப் பருத்தியில் கையால் நெய்த ஃபாசோ டான் ஃபனி துணியை அரசு ஊழியர்கள் உடுத்த வேண்டும் என்றார்கள். சில ஊழியர்கள் அதை மேசை இழுப்பறையில் வைத்திருந்து, சங்காரா வருகிறார் என்று தெரிந்ததும் அவசரமாக மாட்டிக்கொள்வார்களாம். அந்தச் சட்டைக்கே சங்காரா வருகிறார் என்று ஒரு செல்லப் பெயர் வந்தது.

பெண்களுக்கு ஏதாவது மாறியதா?

மாறத் தொடங்கியது என்று சொல்வேன். கட்டாயக் கல்யாணத்துக்கும் பெண்ணுறுப்புச் சிதைப்புக்கும் எதிராக ஒரு அரசே வெளிப்படையாகப் பேசியது அந்தப் பகுதியில் மிக அரிது. பெண்கள் அமைச்சர்களானார்கள், ராணுவத்தில் சேர்ந்தார்கள், மோட்டார் சைக்கிளில் ஜனாதிபதிக்குக் காவலாக வந்தார்கள். 1984 செப்டம்பரில் ஒரு நாள், ஆண்கள் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்து சமைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். ஒரே ஒரு நாள்தான். ஆனால் வெங்காயம் என்ன விலை என்றே தெரியாத ஆண்கள் கூடையோடு சந்தையில் நின்று, வீட்டுச் செலவுக்கு மனைவியிடம் தாங்கள் கொடுக்கும் காசு எதற்கும் போதாது என்று அங்கேயே தெரிந்துகொண்டார்கள்.

குடும்ப நலத் துறை அமைச்சராக இருந்த ஜோசஃபீன் வெட்ராவோகோ, 2014 எழுச்சிக்குப் பிறகு வந்த இடைக்கால அரசில் நீதி அமைச்சரானார். சங்காராவின் கல்லறை தோண்டப்பட்டது அவர் காலத்தில்தான்.

மெர்சிடிஸ் கார்களை விற்றது உண்மையா?

உண்மை. அரசாங்கத்தின் மெர்சிடிஸ் கார்களை விற்றுவிட்டு, அமைச்சர்களுக்கு ரெனோ 5 என்ற சின்ன கார் கொடுத்தார் சங்காரா. 1987இல் தன் சொத்துக் கணக்கை வெளியே வைத்தார், அதில் கிட்டார்களும் சைக்கிள்களும் புத்தகங்களும் இருந்தன.

அப்படியானால் ஒரு குறையும் இல்லையா?

இருக்கிறது, பெரிய குறைகள். இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள் சங்காராவைப் புரிந்துகொள்ளவில்லை என்பது என் எண்ணம்.

1984 மார்ச்சில் ஆசிரியர் சங்கத் தலைவர்களைக் கைது செய்தார்கள். சங்கம் வேலைநிறுத்தம் அறிவித்தது. அரசு 1,300க்கும் மேற்பட்ட ஆசிரியர்களை ஒரே அடியில் வேலையை விட்டு நீக்கியது. அவர்கள் இடத்துக்குச் சரியான பயிற்சி இல்லாத இளைஞர்களை அனுப்பினார்கள். எழுத்தறிவே இல்லாத நாட்டில் இருக்கிற ஆசிரியர்களைத் துரத்துவது என்ன கணக்கு? அதுவும் 1966இலும் 1975இலும் 1980இலும் ஆட்சியாளர்களை எதிர்த்து நின்ற அதே சங்கங்களின் ஆட்கள். செர்போ வேலைநிறுத்த உரிமையைப் பறித்த ஆட்சியிலிருந்து ராஜினாமா செய்து வெளியே வந்த சங்காரா, இரண்டே வருஷத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களைத் தண்டித்தார். இதை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு வலிக்கிறது. பின்னால் அவரே இது தவறு என்று உணர்ந்து, நீக்கப்பட்டவர்களில் பலரைத் திரும்பச் சேர்க்கும் வேலை தொடங்கியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. தொழிற்சங்கத் தலைவர் சுமானே டூரே சிறைக்குப் போனார். ஆரம்பத்தில் கூட நின்ற இடதுசாரிக் கட்சிகள் ஒவ்வொன்றாக விலகின.

ஊழல்வாதிகளை விசாரிக்க மக்கள் நீதிமன்றங்கள் வைத்தார்கள். விசாரணை வானொலியில் ஒலிபரப்பானது, முன்னாள் ஜனாதிபதிகளும் அமைச்சர்களும் கணக்குச் சொல்ல வேண்டி வந்தது. ஜனங்கள் அதை வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. 1984 ஜூனில் சதி செய்ததாகச் சொல்லி ஏழு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். புரட்சிப் பாதுகாப்புக் கமிட்டிகளில் துப்பாக்கி கிடைத்த சில இளைஞர்கள் பழைய பகையைத் தீர்த்துக்கொண்டார்கள், சாலையில் மறித்து மிரட்டினார்கள். சங்காரா மேடையிலேயே அவர்களைக் கண்டித்தார், ஆனால் கமிட்டிகளை முழுதாகக் கட்டுப்படுத்த அவரால் முடியவில்லை.

1985 டிசம்பரில் மாலியுடன் எல்லையில் இருக்கும் அகாஷெர் நிலப்பட்டைக்காகச் சில நாள் போர். மாலி விமானங்கள் குண்டு போட்டதில் ஒரு சந்தையில் இருந்த பொதுமக்கள் செத்தார்கள். அடுத்த வருஷம் சர்வதேச நீதிமன்றம் அந்த நிலத்தை இரண்டு நாட்டுக்கும் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தது. பேசியே தீர்த்திருக்கலாம்.

கடனைக் கட்டக் கூடாது என்று பேசியதுதான் அவர் உயிரைப் பறித்ததா?

1987 ஜூலை 29, அடிஸ் அபாபா, ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாடு. நாம் கட்டாவிட்டால் கடன் கொடுத்தவர்கள் சாகப் போவதில்லை, கட்டினால் சாகப் போவது நாம்தான் என்றார். எல்லோரும் சேர்ந்து மறுக்க வேண்டும், புர்கினா பாசோ மட்டும் தனியாக மறுத்தால் அடுத்த மாநாட்டுக்கு நான் இருக்க மாட்டேன் என்றும் சொன்னார். தானும் தன் குழுவும் உடுத்தியிருந்த உள்ளூர்த் துணியைக் காட்டினார். சபையில் சிரிப்பும் கைதட்டலும். அடுத்த மாநாட்டுக்கு அவர் இருக்கவில்லை.

இதை வைத்துக் கடன் பேச்சால்தான் கொன்றார்கள் என்று சொல்வது எளிது. அவருக்கு எதிரிகள் நிறைய. 1986 நவம்பரில் வாகடூகுவுக்கு விருந்தாளியாக வந்த மித்தராங்கிடம், நிறவெறி தென்னாப்பிரிக்காவின் போத்தாவை பிரான்ஸ் வரவேற்றது எப்படி என்று விருந்து மேசையிலேயே கேட்டவர் அவர். ஐவரி கோஸ்ட்டின் ஜனாதிபதி உஃபுவே-புவாஞிக்கும் அவரைப் பிடிக்காது. ஆனால் துப்பாக்கிக்காரர்கள் உள்ளேயிருந்துதான் வந்தார்கள். 1987க்குள் புரட்சியின் நான்கு தலைவர்களான சங்காரா, கொம்பவோரே, லிங்கானி, ஹென்ரி சோங்கோ ஆகியோருக்கு இடையே பேச்சு முறிந்திருந்தது, நகரத்து நடுத்தர வர்க்கம் சம்பளப் பிடித்தங்களாலும் கட்டளைகளாலும் சலித்திருந்தது, சங்கங்கள் விலகியிருந்தன. வெளியே சதி இருந்திருக்கலாம், ஆனால் உள்ளே கதவைத் தாழிட ஆள் இல்லை.

1987 அக்டோபர் 15 அன்று என்ன நடந்தது?

வியாழக்கிழமை. வியாழன் மாலை எல்லா ஊழியர்களும் விளையாட வேண்டும் என்பது புரட்சியின் விதி, அதனால் சங்காரா விளையாட்டு உடையில் இருந்தார். நான்கு மணிக்கு மேல், வாகடூகுவில் புரட்சி அரசின் தலைமையகமாக இருந்த கோன்செய் தெ லாந்தாந்த் வளாகத்தில் ஒரு சின்ன அறையில் உதவியாளர்களோடு கூட்டம் தொடங்கியது. தொடங்கிய கொஞ்ச நேரத்தில் வெளியே வண்டிச் சத்தம், சுடும் சத்தம். எழுந்து, எல்லோரும் உள்ளேயே இருங்கள், அவர்களுக்கு வேண்டியது நான்தான் என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கியபடி வெளியே போனார். வாசலிலேயே சுட்டார்கள். அவரோடு பன்னிரண்டு பேரும் செத்தார்கள். அந்த அறையிலிருந்து அலூனா ட்ராவோரே ஒருவர் மட்டும் உயிர் பிழைத்தார், சங்காராவின் கடைசி வார்த்தைகள் அவர் வாய்மொழியாகத்தான் உலகத்துக்குத் தெரியும்.

அன்றிரவே 13 உடல்களையும் டாங்னோவென் இடுகாட்டில் அவசரமாகப் புதைத்தார்கள். பிறகு வந்த இறப்புச் சான்றிதழில் இயற்கை மரணம் என்று எழுதினார்கள்.

அடுத்து வந்த கொம்பவோரே எப்படி 27 வருஷம் இருந்தார்?

புரட்சியைத் திருத்துகிறோம் என்று சொல்லித்தான் வந்தார். 1989இல் மற்ற இரண்டு தலைவர்களான லிங்கானியையும் ஹென்ரி சோங்கோவையும் சுட்டுக் கொன்றார்கள், அதோடு 1983இன் நால்வரில் அவர் மட்டும் மிச்சம். நிலவுடைமை, கடன், பிரான்ஸோடு உறவு எல்லாம் பழைய தடத்துக்குத் திரும்பின. தேர்தல் நடந்தது, ஒவ்வொரு முறையும் அவரே ஜெயித்தார். 1998 டிசம்பரில் ஜனாதிபதியின் தம்பியைத் தொட்ட ஒரு கொலை வழக்கைத் துருவிக்கொண்டிருந்த பத்திரிகையாளர் நோர்பெர் சோங்கோ எரிந்த காருக்குள் பிணமாகக் கிடந்தார். அப்போது கிளம்பிய கோபம் அடங்கவே இல்லை.

2014 எழுச்சியில் சங்காராவுக்கு என்ன வேலை? அவர் செத்து 27 வருஷம் ஆகிவிட்டதே?

கொம்பவோரே மறுபடி போட்டியிட வசதியாக அரசியல் சட்டத்தின் 37ஆவது பிரிவை மாற்றப் பார்த்தார். அக்டோபர் 27 அன்று பெண்கள் களி கிண்டும் துடுப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அந்த ஊரில் ஒரு பெண் துடுப்பை ஓங்கினால் ஆணுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை. 30ஆம் தேதி நாடாளுமன்றத்துக்குத் தீ வைத்தார்கள், 31 அன்று கொம்பவோரே ஐவரி கோஸ்ட்டுக்கு ஓடினார். முன்னணியில் இருந்த பலே சித்துவாயென், அதாவது குடிமக்களின் துடைப்பம் என்ற இயக்கம், ஒரு ராப் பாடகரும் ஒரு ரெக்கே பாடகரும் மற்றவர்களோடு சேர்ந்து உருவாக்கியது. துடைப்பத்தோடு ஊர்வலம் வந்தவர்களில் பெரும்பாலோர் சங்காரா செத்த பிறகு பிறந்தவர்கள். அவர்கள் சட்டையில் அவர் முகம் இருந்தது. அடுத்த செப்டம்பரில் கொம்பவோரேயின் காவல்படை கவிழ்ப்புக்கு முயன்றபோதும் சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன, மக்கள் சாலையை மறித்தார்கள், ஒரே வாரத்தில் அது தோற்றது. 1966இல் பார்த்த அதே பழக்கம்.

கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா?

2015 மே மாதம் கல்லறையைத் தோண்டினார்கள். 2021 அக்டோபரில் ராணுவ நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. 2022 ஏப்ரல் 6 அன்று கொம்பவோரே, தளபதி கில்பெர் தியாந்தெரே, கொலைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய யசிந்த் கஃபாந்தோ மூவருக்கும் ஆயுள் தண்டனை. தியாந்தெரே மட்டும்தான் நீதிமன்றத்தில் இருந்தார். வெளிநாட்டுப் பங்கு பற்றிய விசாரணையைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டார்கள், அது இன்னும் பாக்கி. மரியம் சங்காரா தன் கணவருக்கு இந்த ஒரு தீர்ப்பைக் கேட்க 34 வருஷம் காத்திருந்தார்.

இப்போதைய தலைவர் இப்ராஹிம் ட்ராவோரே இன்னொரு சங்காராவா?

அவரும் கேப்டன், 34 வயதில் 2022 செப்டம்பர் 30 அன்று ஆட்சியைப் பிடித்தார், பிரெஞ்சுப் படையை வெளியே அனுப்பினார், ஒரு பெரிய சாலைக்கு இருந்த பிரெஞ்சுத் தலைவர் சார்ல் தெ கோலின் பெயரை எடுத்துவிட்டுச் சங்காரா பெயரை வைத்தார். இணையத்தில் அவரைப் பற்றி ஓடும் வீடியோக்களில் பல செயற்கை நுண்ணறிவு வைத்துச் செய்தவை, பார்ப்பவர்கள் கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

அவருடைய சூழலை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2015 முதல் ஆயுதக் குழுக்களின் தாக்குதலில் நாட்டின் பெரும்பகுதி சிதறிக் கிடக்கிறது, 20 லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். இந்த நிலைமையில் பிரான்ஸ் மேல் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் விமர்சித்த பத்திரிகையாளர்களையும் செயற்பாட்டாளர்களையும் பிடித்துப் போர்முனைக்கு அனுப்புகிறார்கள். கொம்பவோரேயை ஓட வைத்த துடைப்ப இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வழக்கறிஞர் கி எர்வே காம் 2024 ஜனவரியில் இரவோடு இரவாகப் பிடித்துச் செல்லப்பட்டார். சங்காராவின் பெயரைச் சொல்லிக்கொண்டு சங்காராவின் மிக மோசமான தவறைத் திரும்பச் செய்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. 1984 மார்ச்சைப் படித்த யாரும் இதைப் பார்த்துப் பதறாமல் இருக்க முடியாது.

சங்காரா இப்போது எங்கே இருக்கிறார்?

2023 பிப்ரவரி 23 அன்று 13 பேரின் எச்சங்களையும் கோன்செய் தெ லாந்தாந்த் வளாகத்திலேயே, அவர்கள் சுடப்பட்ட இடத்திலேயே, மறுபடி அடக்கம் செய்தார்கள். சங்காராவின் குடும்பம் வரவில்லை. கொன்ற இடத்தில் புதைக்காதீர்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதை அரசு ஏற்கவில்லை. 2025 மே மாதம் அங்கே ஒரு நினைவு மண்டபம் திறந்தார்கள். வடிவமைத்தவர் பிரான்சிஸ் கெரே, கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருது வாங்கிய முதல் ஆப்பிரிக்கர், அந்த நாட்டின் கிராமம் ஒன்றில் பிறந்தவர். மண்டபத்தின் உள்ளே வட்டமாக 13 கல்லறைகள் இருக்கின்றன.